டிவியைப் பார்த்துக்கொண்டே தைக்கிற டாக்டர்

அழகர்சாமியின் கடையில் டிவி கிடையாது. டன்லப் ஸ்திரீட்டிலிருந்து பிரிகிற சந்தில், இரண்டே நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை அது. முன்பு ஒரு டிவி இருக்கத்தான் செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிற ஒலி முகம்மது கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சவரம் செய்ததில், அன்று சாயங்காலம் வீடியோ காலில் பெண் வீட்டாருக்கு முகம் காட்டவிருந்த கப்பல்பட்டறைத் தம்பி ஒருவனின் மீசையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியையும் எடுத்து அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பிய கையோடு, அழகர்சாமி டிவியைக் கழற்றிச் சந்து முனையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"கண்ணு ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம்னா அது தொழில் இல்ல பாய். கொலை" என்றார்.

அவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பலகை வண்டி வரப்போகிறது என்றால், தண்டவாளத்தை எட்டிப் பார்க்க வேண்டும் அவருக்கு. எட்டிப் பார்க்க விடாமல் கண்ணாடிக் கதவு போட்டிருப்பதில்தான் சந்தேகம் இன்னும் கூடியது. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எதற்குக் கதவு? மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு என்பதால், எழுத்தில் இருப்பதையெல்லாம் வாயால் இன்னொருவன் சொன்னால்தான் ஏற்பார். சொன்னவனையும் நம்ப மாட்டார்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் மட்டும் அவரை நம்ப வேண்டும். கழுத்தைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு உட்கார வேண்டும். "அண்ணே, பாத்து" என்று எவனாவது சொன்னால் கத்தியை மடித்துவிடுவார். "நீ பாத்துக்கறியா, நான் பாக்கட்டுமா?"

கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முடிவெட்டு அல்ல, சொடக்கு. வெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டு, கழுத்தில் இடம் ஒன்று வலம் ஒன்று, கடைசியாக மணிக்கட்டைப் பிடித்துத் தோளை ஒரு இழு. படக்கென்று சத்தம் வரும். வாரம் முழுக்கக் கம்பி தூக்கிய தம்பிகள் புக்கிட் பாத்தோக் தொழிலாளர் விடுதியிலிருந்தெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே வண்டியேறி வருவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை வலது தோளில் வலியெடுத்தது. முந்தின நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி வேலை. சட்டை போட முடியவில்லை. கடையில் ஒலி முகம்மதுவிடம் சொன்னார். அவனோ ஆறடி ஆள், இரும்புப் பிடி.

"உக்காருங்கண்ணே, ஒரு இழு இழுத்துவிடறேன். ஊருக்கெல்லாம் பண்றோம், நமக்குப் பண்ணிக்கக் கூடாதா?"

அழகர்சாமி உட்கார்ந்தார். ஒலி முகம்மது மணிக்கட்டைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, ஒரு இழு இழுத்தான். படக்கென்ற சத்தம் வரவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது. அழகர்சாமிக்குப் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது.

"எப்படியண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் அழகர்சாமி, கண்ணில் நீர் முட்ட. தொழிலை விட்டுக்கொடுக்க முடியுமா?

அதற்குப் பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து வெட்டிப் பார்த்தார். குள்ளமானவர்களைத் தன் பக்கமும் நெட்டையர்களை ஒலி முகம்மதுவின் பக்கமும் பிரித்து உட்கார வைத்தார். வருகிறவர்கள் வாசலிலேயே அளவெடுக்கப்படுவதைப் பார்த்துக் குழம்பினார்கள்.

ராமலிங்கம் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து வாத்தியார் கடை திறந்த காலத்திலிருந்து முதல் நாற்காலிக்காரர். அவருக்கு வெட்டிவிட்டுக் கண்ணாடியைப் பின்னால் காட்டியபோது, இடது பக்கம் கிருதா காதுக்குக் கீழேயும் வலது பக்கம் காதுக்கு மேலேயும் இருந்தது. ராமலிங்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தலைய நேரா வைங்க சார், சரியாத்தான் இருக்கும்" என்றார் அழகர்சாமி.

"நேராத்தான் அழகர் வெச்சிருக்கேன்."

வாத்தியார் காசை வைத்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த முறை வந்தபோது, முதல் நாற்காலி காலியாக இருந்தும், செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஒலி முகம்மதுவின் நாற்காலிக்காகக் காத்திருந்தார். அழகர்சாமி துண்டை உதறினார். வாத்தியார் தாளைப் புரட்டினார். அழகர்சாமி இன்னொரு முறை உதறினார். தாளுக்குப் பின்னாலிருந்து முகம் வெளியே வரவே இல்லை.

அன்று இரவு புக்கிட் பாஞ்சாங் வீட்டில், சோற்றை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தவரை அவர் மனைவி சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, கை எதுக்கு இருக்கு? தொங்கறதுக்கா?"

"சரியாயிடும்."

"எதுல சரியாவும்? நீங்க முறைச்சுப் பாக்கறதுலயா? ஒண்ணு டாக்டரப் பாருங்க, இல்ல கடைய பாய் கையில குடுத்துட்டு வீட்ல வந்து எனக்கு வெங்காயம் உரிங்க."

வெங்காயம் உரிக்கிற காட்சி அவர் கண்முன் வந்து போனது. மறுநாள் பாலிகிளினிக் என்கிற அரசாங்க மருந்தகத்துக்குப் போனார். அங்கிருந்து ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். குழாய்க்குள் படுக்க வைத்துத் தடதடவென்று சத்தம் போட்டார்கள். எலும்போடு ஒட்டியிருக்கிற தசைநார் கிழிந்து விலகியிருக்கிறது, எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

எலும்பு டாக்டர் என்றால் எந்த எலும்பு டாக்டர்? இங்கேதான் அழகர்சாமி தன் சொந்த வழியை எடுத்தார். புது ஊருக்குப் போகிறவன் நல்ல கடையைக் கண்டுபிடிக்க விளக்கையும் கண்ணாடியையும் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த ஊரில் முடிவெட்டுகிறவன் தன் தலையை யாரிடம் கொடுக்கிறான் என்று கேட்க வேண்டும். தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள எவனாலும் முடியாது. அங்கே மட்டும்தான் தொழில்காரன் பொய் சொல்லாமல் ஆள் தேடுவான்.

துணைக்கு ஒலி முகம்மது வந்தான். வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஸ்கேன் முடிவைக் கேட்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் டாக்டர் அகிலன், கிளமெண்டியில் இருந்தார். தமிழர், நன்றாகப் பேசினார், தலையும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. அழகர்சாமி முதலில் அதைத்தான் பார்த்தார். டாக்டர் தோளைத் தொட்டு, மெதுவாகத் தூக்கி, பக்கவாட்டில் அழுத்தச் சொல்லிப் பார்த்தார்.

"யாராச்சும் இந்தக் கையப் பிடிச்சு இழுத்தாங்களா அங்கிள்?"

"இல்ல" என்றார் அழகர்சாமி.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. ஒலி முகம்மது அதன் விலா எலும்புகளை எண்ணத் தொடங்கினான்.

"பெருசா கீற வேண்டியதில்ல. சாவித்துளை அறுவைசிகிச்சைன்னு சொல்லுவோம். தோளச் சுத்தி சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத சின்னத் துளைங்க. ஒண்ணுல கேமரா உள்ள போவும். இன்னொண்ணுல கருவி. எலும்புல குட்டியா ஒரு முளை அடிச்சு, அதுல இருக்கற நூலால கிழிஞ்ச நாரை இழுத்துப் பழைய இடத்துலயே கட்டிடுவோம்."

"உள்ள இருட்டா இருக்குமே."

"கேமராலயே விளக்கு இருக்கு. தண்ணி விட்டு உப்ப வெப்போம், எல்லாம் தெளிவாத் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்குத்தான். பெரிய ஸ்கிரீன்ல வரும்."

அழகர்சாமியின் முகம் மாறியது. "அப்ப தோளைப் பாக்க மாட்டீங்க?"

"ஸ்கிரீனப் பாத்துத்தான் அங்கிள் பண்ணுவோம்."

"கை என் தோள்ல. கண்ணு டிவில."

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அழகர்சாமி திரும்பி ஒலி முகம்மதுவைப் பார்த்தார். ஒரு மீசையின் ஞாபகம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

எழுந்து சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே தன் கேள்வியைக் கேட்டார். "உங்க தோள் பிஞ்சா நீங்க யாருகிட்டப் போவீங்க?"

டாக்டர் அகிலன் சிரித்தார். பதில் சொல்லாமல் தப்பிப்பார் என்றுதான் அழகர்சாமி நினைத்தார். ஆனால் அவர் சற்று யோசித்து, "டாக்டர் கோ. எனக்குச் சொல்லிக் குடுத்தவரு. நான் கடிதம் தரேன், போய்ப் பாருங்க. ரெண்டாவது ஆளையும் கேக்கறது நல்லதுதான்" என்றார்.

வெளியே வந்ததும் ஒலி முகம்மது கேட்டான். "நல்ல மனுஷன்தானே அண்ணே?"

"என்னத்த நல்ல மனுஷன். தலை நிறைய முடியோட வர்றவன்கிட்ட எந்தக் கடைக்காரன் வெட்ட வேணாம்னு சொல்லுவான்? கிழிசலோட போனா தைக்கத்தான் சொல்லுவாரு."

இரண்டாவது, டாக்டர் கோ. நகரத்துக்குள் ஒரு உயரமான கட்டடம். வயதான சீனர், தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அழகர்சாமிக்கு எடைபோட எதுவும் கிடைக்காமல் போயிற்று. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒலி முகம்மது தமிழில் சொன்னான்.

"கையை யாராவது இழுத்தாங்களான்னு கேக்கறாரு அண்ணே." சொல்லும்போது அவன் மேசையைப் பார்த்தான்.

"இல்லன்னு சொல்லு."

ஒலி முகம்மது சொன்னான். டாக்டர் அவனைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு, சிலருக்குப் பயிற்சியிலேயே வலி குறையும், உடனே கத்தி வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்கிறவருக்கு இந்தக் கிழிசலைத் தைப்பதுதான் சரியாக இருக்கும் என்றார்.

"இவரு ரெண்டு பக்கமும் பேசறாரு" என்றார் அழகர்சாமி.

"ரெண்டு பக்கமும் இருக்கறதச் சொல்றாரு அண்ணே."

"கேள்வியக் கேளு."

ஒலி முகம்மது கேட்டான். டாக்டர் கோ சட்டையின் மேல் பித்தான் இரண்டைக் கழற்றி, தன் இடது தோளைக் காட்டினார். போன வருஷம் பூப்பந்து ஆடப்போய் அவருக்கும் கிழிந்ததாம்.

தோல் என்றால் அழகர்சாமிக்குச் சொல்லியா தர வேண்டும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். சவரத்தில் கத்தி பட்ட இடம் ஆறினாலும் ஒரு கோடு கிடக்கும், அதை அவர் எட்டடி தூரத்தில் கண்டுபிடிப்பார். இங்கே மூக்கு உரசுகிற தூரத்தில்தான் நாலைந்து வெளுத்த புள்ளிகள் தெரிந்தன. கொசு கடித்து ஆறினது மாதிரி. டாக்டர் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, முதுகுக்குப் பின்னால் மடக்கி, இல்லாத முடியைக் கோதியும் காட்டினார்.

"யாரு பண்ணது?" அழகர்சாமி நேராகவே கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"டாக்டர் வைஷாலி" என்றார் கோ. மீதியை ஒலி முகம்மது தமிழில் சொன்னான். "இவருகிட்டப் படிச்ச பொண்ணாம். இப்ப தோள் மட்டும்தான் பண்ணுது. வாரம் முழுக்க."

லிஃப்ட்டில் கீழே வந்ததும் ஒலி முகம்மது மெல்ல ஆரம்பித்தான்.

"பொம்பளப் புள்ளைன்னு யோசிக்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் யோசிக்கல."

"கேள்வி உங்க கேள்வி அண்ணே. பதில் வந்திருச்சு. இப்ப பதில் புடிக்கலன்னா கேள்விதான் தப்புன்னு ஆயிரும்."

"நீ ரொம்பப் பேசற."

டாக்டர் வைஷாலி நாற்பதுகூட இருக்க மாட்டார். கொண்டையை ஒரு பென்சிலால் குத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்த அழகர்சாமி கதவோடு திரும்பியிருப்பார், ஒலி முகம்மது வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் உட்கார்ந்தார். டாக்டர் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். யாரையும் பார்க்காமலே பேசினார்.

"எப்ப இழுத்தாங்க?"

"யாரு?"

"அதைத்தான் கேக்கறேன் அங்கிள். தேய்ஞ்சு நைஞ்சது பழசு, உங்க வேலைக்கு வர்றதுதான். அதுக்கு மேல புதுசா ஒரு கிழிசல் இருக்கு. அது தானா வந்த மாதிரி இல்ல. பஸ்ல கம்பியப் புடிச்சுத் தொங்கினீங்களா, விழுந்தீங்களா, இல்ல யாராச்சும் இழுத்தாங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"நான்தாம்மா" என்றான் ஒலி முகம்மது.

ஆறடி ஆள் நாற்காலியில் நாலடியாகச் சுருங்கியிருந்தான். "வலிக்குதுன்னாரு. கடையில எல்லாருக்கும் பண்ற மாதிரி இழுத்துவிட்டேன். அன்னையிலேர்ந்து தூக்கமில்ல."

"வாயை மூடு பாய்" என்றார் அழகர்சாமி. பிறகு டாக்டரைப் பார்த்து, "இவன் இழுத்ததால ஒண்ணும் ஆகல. நான் இவன்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டது."

வைஷாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"உங்க கேள்விய டாக்டர் கோ சொன்னாரு. ரெண்டு நாளா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. இப்ப நான் கேக்கறேன். நீங்க முடிவெட்டுறவரு. உங்க தலைய யாருகிட்டக் குடுக்கறீங்க?"

அழகர்சாமி ஜன்னலைப் பார்த்தார். "வேற யாருகிட்ட. இந்தத் தடியன்கிட்டத்தான்."

ஒலி முகம்மதுவின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அதிலும் பாதி திட்டு.

"சரி. உங்க சந்தேகத்தைக் கேளுங்க."

"டிவியப் பாத்துத்தானே தைப்பீங்க."

"ஆமா."

"என் கடையில டிவி பாத்துட்டு வேலை செய்ய விடமாட்டேன்."

"நீங்க காலையில உங்களுக்குச் சவரம் பண்ணிக்கிறப்ப கையைப் பாப்பீங்களா, கண்ணாடியப் பாப்பீங்களா?"

அவர் கை தானாகத் தாடையைத் தடவியது. கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். இருந்தும் ஒருநாள்கூட அவர் தன்னைக் கீறிக்கொண்டதில்லை.

"அது பழக்கம்" என்றார் கடைசியில்.

"இதுவும் அதேதான்."

"நான் மயக்கத்துல இருக்கறப்ப நீங்க அந்த டிவில கிரிக்கெட் வெச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் பதிவாகும். முழிச்சதும் போட்டுக் காட்டறேன். கிரிக்கெட் இருந்தா என்னைக் கேளுங்க." பென்சிலை உருவி எடுத்தார், கொண்டை அவிழ்ந்து விழுந்தது. "இப்ப என் பக்கம். நூறு பேருக்குப் பண்ணா நூறு பேருக்கும் ஒட்டிக்கும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு மறுபடி கிழியும். தோள் இறுகிக்கும். நான் தைக்கறது கொஞ்ச நேரம்தான். அதுக்கப்புறம் வாரக்கணக்குல கையைக் கட்டி வெச்சு, மாசக்கணக்குல பயிற்சி பண்ணணும். அது உங்க வேலை. வலிக்குதுன்னு விட்டாலும் போச்சு, சரியாயிருச்சுன்னு அவசரப்பட்டாலும் போச்சு."

அழகர்சாமிக்கு அவரை முதல்முறையாகப் பிடித்தது. கிழியும் என்று வாய்விட்டுச் சொல்கிறவர் பொய் சொல்ல மெனக்கெட மாட்டார்.

"இன்னொண்ணு" என்றார் வைஷாலி. "கடையில இந்த இழுக்கற வேலை இனிமே கிடையாது. அதுக்குச் சரின்னா நான் பண்றேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க. நான் ஒரு பக்கம் தைக்க, நீங்க ஒரு பக்கம் கிழிக்க, அது சரிப்படாது."

டாக்டரைத் தேர்ந்தெடுக்க வந்த இடத்தில் டாக்டர் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். சொடக்கு இல்லாத கடையா? விடுதியிலிருந்து வருகிற தம்பிகளிடம் என்ன சொல்வது?

"தோள் வேணாம். கழுத்து மட்டும்?"

"கழுத்து அதைவிட மோசம் அங்கிள்."

"தலையில தட்டறது?"

வைஷாலி யோசித்தார். "மெதுவாத் தட்டினா தட்டுங்க."

அறுவைசிகிச்சை நாளன்று பச்சை அங்கியில் படுத்திருந்தவரிடம் வைஷாலி வந்து, வலது தோளில் மையால் ஒரு அம்புக்குறி போட்டார்.

"எதுக்கு இது? எந்தப் பக்கம்னு மறந்துருமா? நான் எந்தத் தலையிலயும் குறி போட்டு வெட்டினதில்ல."

"தலை ஒண்ணுதான் அங்கிள் இருக்கு. தோள் ரெண்டு இருக்கு லா."

மேற்கொண்டு வாதாட வாயெடுத்தார். அதற்குள் யாரோ முகமூடியை வைத்தார்கள். கழுத்தைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு அழகர்சாமி கிடந்தார். தன் நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

விழித்ததும் முதல் கேள்வி வீடியோதான். மறுபடி பார்க்கப் போனபோது வைஷாலி போட்டுக் காட்டினார். மீன்தொட்டிக்குள் பஞ்சு மிதப்பது போல ஒரு வெள்ளை நார், அதைத் தேடி வந்த கொக்கி, நீல நூல், ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. இது தன் தோளின் உள்பக்கம் என்று அவரால் நம்ப முடியவில்லை. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

"முடிச்சு நல்லா இருக்கு" என்றார். கூட வந்திருந்த சாமுண்டீஸ்வரி அவரை விநோதமாகப் பார்த்தாள். முப்பது வருஷத்துச் சமையலுக்கு அவள் அந்த வார்த்தையை வாங்கியதில்லை.

பிறகு வந்த மாதங்களில் அவர் கையைத் தொட்டிலில் போட்ட பிள்ளையைப் போலச் சுமந்து திரிந்தார். கட்டுப் பிரித்ததும், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் கீழ்த்தளத் தூணில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்றுகிற பயிற்சி. விரல் ஏறின உயரத்தைத் தினமும் சாமுண்டீஸ்வரி வந்து பார்த்தாள். பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணை அவர் நம்பவில்லை, அவள் சொன்னதைச் செய்தார். கடைக்கு வந்து உட்கார்ந்து ஒலி முகம்மதுவின் வெட்டில் குறை சொன்னார். ராமலிங்கம் வாத்தியார் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண்ணாடி வழியாக அவர் தோளைப் பார்ப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். அழகர்சாமி உட்கார்ந்து சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டுமானத் தம்பி, "பாய், ஒரு சொடக்கு போட்டுவிடுங்க, தோள் புடிச்சிருக்கு" என்றான். ஒலி முகம்மது வேலை வேகத்தில், யோசிக்காமல், அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

அடுத்த நொடி ஒலி முகம்மதுவின் உச்சந்தலையில் சீப்பால் ஒரு அடி விழுந்தது.

"விடு கைய."

ஒலி முகம்மது கையை விட்டான். தலையைத் தடவிக்கொண்டே திரும்பினான். வலித்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எந்தக் கையால அடிச்சீங்க?"

அழகர்சாமி பார்த்தார். சீப்பு வலது கையில் இருந்தது. கை இன்னும் மேலேயே, ஆறடி ஆளின் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியிலும் ஒரு கிழவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அந்தக் கிழவனை நம்பலாமா என்று ஒரு தரம் யோசித்து, கையை இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார். ஏறியது.

ஓரத்துப் பெஞ்சில் செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. ராமலிங்கம் வாத்தியார் எழுந்து வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அழகர், பாத்து" என்றார்.

அழகர்சாமி கத்தரிக்கோலை எடுத்தார். வாய்வரை வந்த வழக்கமான கேள்வியை விழுங்கிவிட்டு, நாற்காலியை ஒரு படி மேலே உயர்த்தினார்.

"பாக்கறேன் சார்."